வெடிக்காரனும் பூநாரைகளும்

பறவை விரட்டுவது ஒரு வேலை. நம்ப மாட்டீர்கள். என் சம்பந்தியே நம்பவில்லை. மதுரையில் அவனியாபுரத்தைத் தாண்டினால் விமானம் இறங்கும் ஓடுதளம். அதன் குறுக்கே பருந்தோ கொக்கோ வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு கொக்கு இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆகும். அதற்குத்தான் நான். கையில் வெடி, இடுப்பில் வாக்கி டாக்கி, மேலே பளபளக்கிற பச்சைக் கோட்டு.

பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவரை எழுப்பி விரட்டும் காவலாளிகளே, கல்யாண மண்டப வாசலில் நாய் விரட்டுகிறவர்களே, கதவைச் சாத்தும் நேரத்தில் வந்தவரிடம் நாளைக்கு வா என்கிற கவுண்டர்காரர்களே, "போ" என்று சொல்லியே சோறு தின்கிற அத்தனை பேருக்கும் இது. மற்றவர்களுக்கு நம் பாடு புரியாது.

மயிலுக்கு வெடியா

எங்கள் தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்று. எந்தப் பறவையும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். விமானமும் அப்படித்தான். இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை. அதனால் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் வெடியைப் பற்றவைத்தால், பறவையை நாமே ஓடுதளத்தின் மேல் ஏவிவிட்டதாக ஆகும். மற்றதெல்லாம் பழக்கம்.

மயிலுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. அது லேசில் பறக்காது; நடக்கும். ஓடுதளத்தில், தன் வீட்டு முற்றம் மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒரு மயில் நட்டநடுவில் நின்றது. பக்கத்தில் போய் வெடியைப் போட்டேன். அது ஓடவில்லை. என்னைப் பார்த்துத் தோகையை விரித்தது. நனைந்த தார்ச்சாலை முழுக்க அந்த நீலமும் பச்சையும் இறங்கிக் கிடந்தது. அடுத்த வெடி கையிலேயே இருந்தது. எனக்குத் திரி எங்கே என்று தெரியவில்லை.

புல் வெட்டும் டிராக்டர் ஓட்டுகிற மாரி, வண்டியை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான். வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறவன். பிறகு நிதானமாக என்னிடம் சொன்னான்:

"முருகனுக்கு நீ என்ன பதில் சொல்லுவியோ, அது உம்பாடுண்ணே. கேட்டா நான் டிராக்டர் ஓட்டுறவன்னு சொல்லிருவேன்."

தரை தொடாதவர்

பல வருஷம் கழித்து ஒரு புயல் வழி தப்பி வந்தது. எப்போதும் வடக்கே எங்காவது போய் விழும். நமக்கு நாலு தூறலும் ரேடியோ அறிவிப்பும் மிச்சம். அந்தக் கார்த்திகையில் தெற்கே திரும்பி, ராமநாதபுரம் வழியாக ஏறி, மதுரை மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு வானத்திலிருந்தே நேராகத் தண்ணீர் வந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விமானம் இல்லை. எங்களுக்கும் வேலை இல்லை என்று நினைத்தேன்.

காற்று அடங்கிய காலையில் ஓடுதளத்தைச் சுற்றிப் பார்க்கப் போனோம். காற்று எந்தப் பக்கம் என்று காட்டுகிற துணிக்குக் கீழே, புல்லில், ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வால் கத்தரிக்கோல். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத முகம். பழக்கதோஷத்தில் வெடியை எடுத்தேன். அது என்னைப் பார்த்தது. அவ்வளவுதான். எழும்ப அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. வெடியைப் பைக்குள் போட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டுத் தூக்கினேன். இரண்டு கைக்குள் அடங்கியது. இதயம் அடிப்பது கோட்டுக்கு வெளியே தெரிந்தது.

வனத்துறை ஆள் வந்தார். ஆலா என்றார், நடுக்கடல் பறவை. புயல் தூக்கிக்கொண்டு வந்து இங்கே போட்டிருக்கிறது. குஞ்சாக இருந்த கூட்டை விட்டுக் கிளம்பினால், வருஷக்கணக்கில் தரையில் கால் வைக்காமலே கடலுக்கு மேல் பறந்துகொண்டிருக்குமாம். தின்பது, உறங்குவது எல்லாம் அங்கேயே. பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். தேறிவிட்டது, கடற்கரையில் விட்டுவிட்டோம் என்று பிறகு போன் வந்தது. நான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் கேட்காதீர்கள்.

பெட்டி போனதும் மாரிதான் வானத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:

"வருசக்கணக்காத் தரையே தொடாதாம்ல. கடைசியில தொட்டது நம்ம அவனியாபுரத்தையாண்ணே?"

விழாத சாயம்

விமான நிலைய மதில் சுவருக்குத் தெற்கே ஒரு கண்மாய் இருக்கிறது. இருக்கிறது என்பது கணக்குக்கு. பொட்டக்காடு. பெய்கிற மழையை மண்ணே குடித்துவிடும். பாதி கருவேலம், மீதியில் கிரிக்கெட். அந்தப் புயலில் அது ஒரே ராத்திரியில் நிரம்பிக் கரையைத் தொட்டு நின்றது. ஸ்டம்புகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

கண்மாய்க்குக் கீழே பேச்சியம்மாளுக்குக் கொஞ்சம் நிலம். அவள் வீட்டார் முன்பு காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நட்டவர்கள். சொந்தமாக வாங்கிய நிலம் வாங்கிய நாளிலிருந்து காய்ந்தே கிடந்தது. அந்த மார்கழியில் தண்ணீரைப் பார்த்ததும் அவளும் புருஷன் கருப்பையாவும் கருவேலத்தை வெட்டி எறிந்துவிட்டு நெல் நட்டார்கள். குறுகிய காலப் பயிர். பச்சை ஏறிக்கொண்டிருந்தது. நான் சுவருக்கு மேல் தலையை நீட்டினால், வெடிக்காரண்ணே, எம்பயிருக்குத் திருஷ்டி போடாதீக என்பாள்.

பனி கனத்த ஒரு காலையில் சுவரோரம் போனேன். கண்மாயில் யாரோ சேலைகளைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வரிசை வரிசையாக, வெள்ளையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல். தண்ணீருக்கு நடுவில் யார் கொடி கட்டினார்கள் என்று யோசிப்பதற்குள் வரிசை நடந்தது.

பூநாரைகள். நூற்றுக்கணக்கில். குச்சிக் காலை ஊன்றி, நீண்ட கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. சில நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்தன, சுவருக்கு மண் குழைக்கிறவர்கள் மாதிரி. ஒன்று சோம்பல் முறிக்க இறக்கையை விரித்தது. உள்ளே அப்படி ஒரு சிவப்பு இருக்கும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

எங்கள் மேற்பார்வையாளர் துவாரகநாத் சாருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார். எங்களைத் திட்டுவதற்கு மட்டும் நல்ல தமிழ் வைத்திருக்கிறார். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் குடும்பம். வந்ததும், வெடியை வைத்துக்கொண்டு என்னய்யா வேடிக்கை என்று ஆரம்பித்தவர், சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"தலைமுறை தலைமுறையாச் சாயம் போடுறோம்யா. இந்தக் கலர் ஒருநாளும் எங்களுக்கு விழுந்ததில்ல."

சுற்றி வந்து அதே இடம்

ரசிக்கச் சம்பளம் கிடையாது. விரட்டத்தான். அவ்வளவு பெரிய கூட்டம், அவ்வளவு பெரிய பறவை, விமானம் தாழ்ந்து வருகிற வழிக்குப் பக்கத்திலேயே. மறுநாளே தொடங்கினோம். காலை விமானத்துக்கு நேரம் இருக்கும்போதே கரையில் போய் வெடி போட்டேன்.

எழும்பின. எழும்பின என்று எழுதினால் போதாது. தண்ணீரின் மேலேயே ஓடி, ஓட்டத்தில் இறக்கையை விரித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. விமானம் ஓடி எழும்புவதைத் தினம் பார்க்கிறவன் நான். அன்றைக்குத்தான் அது யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று புரிந்தது. வெள்ளைக் கூட்டம் ஒரே நொடியில் சிவப்பும் கறுப்புமாகப் புரண்டது. தலைக்கு மேல் போகும்போது காற்று என் முகத்தில் அடித்தது.

எல்லாம் சரி. மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. கண்மாய் தெற்கே. காற்றை எதிர்த்து எழும்பினால் நேரே ஓடுதளத்துக்கு மேல்தான். போயின. ஒரு சுற்று சுற்றின. திரும்பவும் வந்து அதே இடத்தில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து மேய்ந்தன. அடுத்த நாளும் அதே. சத்தம் மட்டும் போடுகிற கேஸ் பீரங்கி கொண்டுவந்து வைத்தோம். அதற்கு இன்னும் கொஞ்சம் உயரமாக எழும்பி, அதே சுற்று.

மேலே இருப்பவர்கள் சாரைக் கேட்கத் தொடங்கினார்கள். கடைசியில் முடிவு வந்தது: பொங்கலுக்குள் பறவை போகாவிட்டால், ஊர்க்காரர்களிடம் பேசி மடையைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிடுவது. தண்ணீர் இல்லாவிட்டால் பறவை இருக்காது. நியாயம்தான். ஆனால் பேச்சியம்மாளின் பயிரில் கருது வெளியே வந்து பால் பிடிப்பதே பொங்கல் கழிந்துதான். அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் அத்தனையும் சாவியாகப் போகும். தூற்றினால் காற்றோடு போகிற வெறும் உமி.

செய்தி அவளுக்குப் போய்விட்டது. நான் கரையில் வெடியோடு நிற்கும்போது வரப்பிலிருந்து ஏறி வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். பறவைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுகளை வெரட்டுங்கன்னு சொல்லவும் வாய் வரல, வெரட்டாதீகன்னு சொல்லவும் வாய் வரல. நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கண்ணே."

டீ குடிக்கப் போனால் நிற்கின்றன

எனக்கு முடிவு தெரியவில்லை. வெடி போட்டால் ஓடுதளத்துக்கு வருகின்றன. போடாவிட்டால் மடையைத் திறக்கிறார்கள். எனக்கு இப்படி இரண்டு பக்கமும் யோசித்துப் பழக்கம் இல்லை. வீட்டில் எரிந்து விழுந்தேன்.

டீக்கடையில் மாரி எதிரே வந்து உட்கார்ந்தான். எதையோ சொல்ல வேண்டும், சொன்னால் நான் கத்துவேன் என்று தெரிந்த முகம். என்னடா என்றேன். ஒன்றுமில்லை என்றான். வடையைப் பிய்த்தான். பிறகு சொன்னான்:

"நானும் புல்லு வெட்டிக்கிட்டே பாக்குறேண்ணே. நீ வெடி போட்டாத்தான் அதுக பறக்குது. நீ டீ குடிக்க வந்துட்டா அது பாட்டுக்கு நிக்குது."

கத்தினேன். டீக்கு நானே காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். ஆனால் அடுத்து வந்த காலைகளில், வெடியைப் பற்றவைக்காமல் கரைக்கு இந்தப் பக்கம் குத்தவைத்துப் பார்த்தேன். விமானம் உறுமிக்கொண்டு தாழ்ந்து வருகிறது. ஒரு பூநாரை தலையைத் தூக்குகிறது. மறுபடி கவிழ்க்கிறது. அவ்வளவுதான். அத்தனை பெரிய இரும்புப் பறவை, அவற்றுக்கு ஏதோ பக்கத்து வீட்டுக்காரன்.

சாரிடம் போய்ச் சொன்னேன். நம்பிக்கை வருகிற முகம் இல்லை அவருக்கு. நாலு இடத்தில் பேசினார். ஒரு காலை மட்டும் வெடியில்லாமல் விட்டுப் பார்ப்பது, தானே கரையில் வந்து நிற்பது என்று ஒத்துக்கொண்டார். விமானிக்கும் சொல்லிவிடுவார்கள். பறவை எழும்பினால் சார் வாக்கி டாக்கியில் சொல்வார். விமானம் இறங்காமல் ஒரு சுற்றுப் போய்விட்டு வரும். ஆபத்து இல்லை. ஆனால் எழும்பிவிட்டால் அன்றைக்கே மடை திறக்கும். கிளம்பும்போது சார் என்னிடம் சொன்னார்:

"ஒரு இறக்கை தெரிஞ்சாலும் அம்புட்டுத்தான்யா. அப்புறம் நீ எங்கிட்டச் சாக்குச் சொல்லக் கூடாது, நான் அந்தம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாது."

வேட்டு

அந்தக் காலை வந்தது. பனி விலகியிருந்தது. சார் கரையின் மேற்கு முனையில், வாக்கி டாக்கியைக் காதோடு வைத்தபடி. நான் நடுவில். பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. விமானம் வர இன்னும் கொஞ்ச நேரம்.

கொட்டுச் சத்தம் கேட்டது.

கருப்பையாவின் அப்பா முதல் நாள் பொழுது சாய இறந்துபோயிருந்தார். படுக்கையில் இருந்தவர்தான். வழக்கமாக மத்தியானத்துக்கு மேல்தான் எடுப்பார்கள். கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சொந்தமெல்லாம் ராத்திரியே வந்துவிட்டதால் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சாவு வெறுமனே போகாது. கொட்டும் உண்டு, வேட்டும் உண்டு. தெரு திரும்புகிற இடத்தில் ஒன்று, கரை ஏறுகிற இடத்தில் ஒன்று. சுடுகாடு கண்மாய்க்கரையின் கிழக்கு முனை. கரைமேல்தான் வழி.

ஊர்வலம் கரை ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் ஒருவன் சாக்குப்பையோடு, கையில் அதிர்வேட்டு. குனிந்து தரையில் ஊன்றிக்கொண்டிருந்தான்.

ஓடினேன். இந்த வயதில், அந்தக் கோட்டோடு. கையை ஆட்டினேன், கத்த முடியாது, பறவை எழும்பும். போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை. வேட்டைத் தொட்டு, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வெடி போட்டே பிழைத்தவன் வெடி போடாதே என்று கும்பிடுகிறேன். வேட்டுக்காரன் என் கோட்டைப் பார்த்தான். தினமும் நீ வெடிக்கலாம், எங்க வீட்டுச் சாவுக்கு ஒரு வேட்டு ஆகாதாக்கும் என்று கேட்டான். கேட்டது சரி. கும்பிட்ட கையை நான் இறக்கவில்லை. விமானச் சத்தம் மேற்கே கேட்கத் தொடங்கியிருந்தது.

கருப்பையா முன்னால் நின்றான், கையில் கொள்ளிச்சட்டி. என்னைப் பார்த்தான். கண்மாயைப் பார்த்தான். கொட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி ஒரு கையைத் தாழ்த்தினான். கொட்டு நின்றது. தோளில் பாடை வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கூட்டத்தில் ஒரு நாய் உறுமியது. யாரோ அதன் கழுத்தைத் துண்டால் பிடித்துக்கொண்டார்கள்.

விமானம் வந்தது. நிழல் முதலில் வயலைத் தாண்டியது. பேச்சியம்மாளின் பச்சைப் பயிருக்கு மேல் ஏறி, கரைமேல் நின்ற எங்கள் மேல் விழுந்து, தண்ணீர்மேல் போயிற்று. சத்தத்தில் பல் நடுங்கியது. பூநாரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. நூற்றுக்கணக்கான கழுத்து, நேராக, ஒரே திசையில். ஒரு இறக்கை லேசாகப் பிரிந்தது. உள்ளே இருக்கும் சிவப்பு எனக்குத் தெரிந்தது. சாருக்கும் தெரிந்திருக்கும், வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனார்.

இறக்கை மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் சக்கரம் தரையைத் தொட்டுக் கிறீச்சிட்டது. ஒரு தலை கவிழ்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாத் தலையும். கரையில் ஒரு ஊரே செத்தவரோடு நின்றுகொண்டிருந்தது, தண்ணீரில் அவை மேய்ந்துகொண்டிருந்தன. மேற்கு முனையில் துவாரகநாத் சார் வாக்கி டாக்கியில் "கிளியர்" என்று சொல்வது கேட்டது. குரல் அவருடையது மாதிரி இல்லை.

வேட்டுக்காரன் இப்போது பற்றவைக்கலாமா என்று கருப்பையாவைப் பார்த்தான். கருப்பையா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தான். என்னைத் தாண்டும்போது மெல்லச் சொன்னான்:

"எங்கய்யா இம்புட்டுத் தண்ணியப் பாத்துட்டுத்தான் போறாரு. வேட்டு இல்லாட்டியும் போயிருவாருண்ணே."

போன மத்தியானம்

மடை திறக்கவில்லை. தினமும் விமான நேரத்துக்குச் சாரோ நானோ கரையில் நிற்பது, ஒன்று எழும்பினாலும் உடனே சொல்வது என்று ஏற்பாடு ஆயிற்று. எழும்பவில்லை. பொங்கல் வந்தது. அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டுக்கு மாடு அவிழ்த்தார்கள். அந்த ஆரவாரம் காற்றில் இங்கே வரைக்கும் வந்தது. அதற்கும் அசையவில்லை. நகரத்திலிருந்து ஆட்கள் கேமராவோடு வந்தார்கள். அவர்களை விரட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மாசியில் பேச்சியம்மாள் அறுத்தாள். சாவி இல்லை, கருது கனத்துத் தலை சாய்ந்த பயிர். தண்ணீர் நாளுக்கு நாள் வற்றிக் கண்மாய் நடுவில் ஒரு தட்டு அளவுக்கு வந்தது. பூநாரைகள் நெருங்கி நெருங்கி நின்றன.

ஒரு மத்தியானம், விமானம் எதுவும் இல்லாத நேரத்தில், யாரும் ஒன்றும் செய்யாமல் அவை ஓடத் தொடங்கின. சேற்றில் ஓடி, காற்றை எதிர்த்து எழும்பி, ஓடுதளத்துக்கு மேல் ஒரு பெரிய வட்டம் போட்டன. பழக்கதோஷத்தில் என் கை பைக்குள் போயிற்று. வெளியே எடுக்கவில்லை. வட்டம் உயர்ந்துகொண்டே போய், சிவப்பு வெள்ளையாகி, வெள்ளை வெறும் கோடாகி, கோடு கிழக்கே கடல் பக்கம் சாய்ந்தது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். மாரி டிராக்டரை அணைத்திருந்தான். கண்மாயில் வெறும் கால் தடம், தடத்துக்குள் கொஞ்சம் தண்ணீர். எங்கிருந்து வந்தன, இந்தப் பொட்டக்காட்டில் தண்ணீர் நிற்பதை அவற்றுக்கு யார் சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

பேச்சியம்மாள் வரப்பில் நின்று, கையை நெற்றியில் வைத்து, வெகுநேரம் பார்த்தாள். பிறகு அங்கிருந்தே கேட்டாள்:

"என்ன வெடிக்காரண்ணே, இத்தனை நாள் காவல் காத்தீகளே, உங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போச்சுகளா?"

இப்போது கண்மாயில் மறுபடி கிரிக்கெட் நடக்கிறது, நான் மறுபடி கொக்கு விரட்டுகிறேன், ஆனாலும் இந்த ஊர் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கித் தருவதெல்லாம் பையில் வெடி இருந்தும் சும்மா நின்ற அந்த ஒரு காலைக்காகத்தான்.